ஒன்றரை மடங்கு மலை

தம்பி போன் பண்ணாமல் நேரில் வந்து நின்றபோதே மில்லியக்காவுக்கு உறுத்தியது. வந்தவன் செருப்பை ஒழுங்காக ஓரத்தில் கழற்றி வைத்தான். பட்டறையில் தரையெல்லாம் அட்டைத் துணுக்கு கிடந்ததைப் பார்த்துவிட்டு, "பெருக்கட்டுமா அக்கா?" என்று கேட்டான். குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தான். நாற்பது வயதாகியும் இதுவரை ஒரு டம்ளர் கழுவியவன் இல்லை. எதையாவது மறைக்கிறான் என்றால் அவன் ரொம்ப நல்லவனாகிவிடுவான். அது அவளுக்குத் தெரியும், அவர்கள் அம்மாவுக்கும் தெரியும், அவனைக் கட்டிக்கொண்டவளுக்கு மட்டும் இன்னும் தெரியாது.

மில்லியக்கா என்பது ஊர் வைத்த பெயர். மலையோ ஆறோ தெருவோ, எதைக் கொடுத்தாலும் அதைச் சின்னதாக்கி மேசைமேல் மாதிரியாகச் செய்து தருவது அவள் தொழில். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பிரித்துப் போட்டு மறுபடி செய்வாள். ஒருமுறை விருந்துக்குப் போன வீட்டில், சுவரில் மாட்டியிருந்த படம் இரண்டு மில்லி சாய்ந்திருக்கிறது என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தான் செய்யும் மாதிரிகளின் அடிப்பக்கத்தில் அவளே அப்படித்தான் கையெழுத்துப் போடுவாள்.

தம்பி ஒரு கட்டடக் கம்பெனியில் பொறியாளர். சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை மேசைமேல் விரித்தான்.

"இந்த மலையடிவாரத்தில ஒன்பது மாடிக் கட்டடம் வருது. வெள்ளிக்கிழமை நகராட்சி மண்டபத்தில ஜனங்களைக் கூப்பிட்டு விசாரணை. அங்க வைக்க ஒரு மாதிரி வேணும். மலை, கீழ்த்தெரு, வீடுங்க, எல்லாம். இருநூறுக்கு ஒண்ணு."

இருநூறுக்கு ஒன்று என்றால் இருநூறு மீட்டர் ஒரு மீட்டராகச் சுருங்கும். அவள் வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள். மலைமேல் வளையம் வளையமாகச் சம உயரக் கோடுகள், கோட்டுக்குக் கோடு ஒரு மீட்டர் ஏற்றம். நாற்பது மீட்டர் உயரத்தில் இரண்டு மேடுகள். நடுவில் பதினாறு மீட்டர் உயரத்தில் ஒரு பள்ளம். கீழ்த்தெருவுக்குக் காலை வெயில் வருவதே அந்தப் பள்ளம் வழியாகத்தான். அது கோட்டைப் பார்த்துத் தெரிந்ததல்ல, நேரில் பார்த்தே தெரியும். அவள் கணவரின் தங்கை, நாத்தனார்காரி, அந்தத் தெருவில்தான் சலவைக்கடை வைத்திருந்தாள்.

"கோட்டுக்கு ஒரு அட்டை. அஞ்சு மில்லி அட்டை போதும்" என்றாள்.

"இல்லக்கா. மலைக்கு மட்டும் ஏழரை மில்லி போடு."

அவள் நிமிர்ந்தாள். "ஏன்?"

"கொஞ்சம் எடுப்பாத் தெரியட்டும்னு மேனேஜர் சொன்னாரு. நீ பள்ளிக்கூடத்துக்கு மாவட்ட மாதிரி செஞ்சப்போ மலையை அஞ்சு மடங்கு தூக்கினேல்ல? இது வெறும் ஒன்றரைதானே."

"டேய், அது முழு மாவட்டம். லட்சத்துக்கு ஒண்ணு. ஐநூறு மீட்டர் மலை அங்க அஞ்சு மில்லிதான் வரும். தூக்கலைன்னா சப்பாத்தியைத் தேய்ச்சு வச்ச மாதிரி இருக்கும். அதனால தூக்கறோம், தூக்கினதைக் கீழே எழுதியும் வைக்கறோம். அங்க வீடு கிடையாது, கட்டடம் கிடையாது. இதில மலைக்குப் பக்கத்திலயே கட்டடம் நிக்குது. மலையை இழுத்தா கட்டடத்தையும் இழுக்கணும்."

"கட்டடத்தைப் பத்தி நீ கவலைப்படாதே. அது தயாரா இருக்கு, வேற இடத்தில செஞ்சது. நீ இடத்தை மட்டும் காலியா விடு. நான் கொண்டுவந்து வைக்கறேன்."

போகும்போது வாசல்வரை போனவன் திரும்பி வந்து, கிடந்த துணுக்குகளைப் பெருக்கிவிட்டே போனான்.

மில்லியக்கா வேலையைத் தொடங்கினாள். ஏழரை மில்லி அட்டை கடையில் கிடையாது. ஐந்து மில்லி அட்டைக்கு அடியில் இரண்டரை மில்லி அட்டை ஒன்று சேர்த்தால்தான் வரும். நாற்பது வளையங்களையும் வெட்டி, இரண்டு கம்பிகளில் கோத்து அடுக்கினாள். பசை தடவவில்லை. வழக்கமாகவே அவள் கடைசி நாளில்தான் ஒட்டுவாள். ஆனால் இந்த முறை பசை டப்பாவைக் கையில் எடுத்துவிட்டு வேண்டுமென்றே திரும்ப வைத்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை காலையில் நாத்தனார் வந்தாள். கையில் நகராட்சி நோட்டீஸ். மேசையைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். தன் வீட்டைக் கண்டுபிடித்தாள், மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடிக்கம்பிகூட இருந்ததில் கொஞ்சம் மனம் குளிர்ந்தாள். பிறகு மலையை அண்ணாந்து பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தாள்.

"எங்க மலையா இது? இவ்வளவு உசரமா என்ன?"

"ஏன், இல்லையா?"

"இருபது வருஷமாப் பாத்துட்டிருக்கேன் அண்ணி. பல் தேய்ச்சுட்டே பாக்கற மலை. இது எங்க மலையோட பெரியப்பா மாதிரி இருக்கு."

மில்லியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே மலையை இன்னொரு முறை பார்த்தாள். அளவுகோல் இல்லாதவளுக்கே தெரிகிறது.

"யார் செய்யச் சொன்னாங்க? உங்க தம்பி கம்பெனியா?" நாத்தனார் நோட்டீசை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. நீங்க யார் பக்கம்?"

"மேசைக்கு இந்தப் பக்கம் நிக்கறேன், தெரியலையா?"

"விளையாடாதீங்க அண்ணி. வெயில் போச்சுன்னா என் கடை போச்சு. அவங்க வீட்டுக்கு வீடு வந்து, ஒண்ணும் மறைக்காது, வந்து மாதிரியைப் பாருங்க, பாத்தாலே தெரியும்னு சொல்லிட்டுப் போறாங்க. மாதிரியைச் செய்றது நீங்கன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. எங்க அண்ணன்கூட ஒரு வார்த்தை சொல்லலை."

சொல்லிவிட்டு வெடுக்கென்று போய்விட்டாள். சொந்த நாத்தனாரே தன்னைச் சந்தேகப்படுகிறாள் என்பது மில்லியக்காவுக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது. யார்மேல் வந்தது என்றுதான் தெரியவில்லை. 'பாத்தாலே தெரியும்' என்ற சொல் மட்டும் காதிலேயே நின்றது. காகிதத்தில் கட்டடத்தின் உயரம் இருபத்தேழு மீட்டர் என்று ஒழுங்காகத்தான் போட்டிருந்தது. ஆனால் காகிதத்தை யார் படிக்கப் போகிறார்கள்? எல்லோரும் இந்த மேசையைத்தான் பார்ப்பார்கள்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்குத் தம்பி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

"கட்டடம் இதுல இருக்கு. திறக்காதே, பெயிண்ட் காயலை. மண்டபத்தில வச்சே எடுத்துக்கலாம்."

"காயாததை ஏன் மூடி வச்சிருக்கே? மூடினா எப்படிக் காயும்?"

"ஐயோ அக்கா, உன்கிட்ட வாயைக் குடுக்க முடியாது" என்றான். போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், "ஆமா சார். குடுத்தாச்சு சார். இல்ல சார், அவங்க ஒண்ணும் கேக்கலை" என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. திரும்பி உள்ளே வரவில்லை. அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

'அவங்க ஒண்ணும் கேக்கலை.' அவள் கேட்டிருந்தாள். ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டிருந்தாள்.

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் பெட்டியைத் திறந்துவிட்டாள். பெயிண்ட் எப்போதோ காய்ந்திருந்தது. மூலையில் தூசிகூடப் படிந்திருந்தது. அழகான வேலை. கண்ணாடி ஜன்னல், பால்கனி, வாசலில் இரண்டு மரம். யார் செய்திருந்தாலும் கைதேர்ந்தவன்தான். அதைத் தூக்கி மேசையில் விட்டு வைத்திருந்த காலி இடத்தில் நிறுத்தினாள். மலைப் பள்ளத்துக்குக் கீழே அடக்கமாக, நல்ல பிள்ளைபோல் நின்றது.

வாசலில் வைக்க ஒரு ஆள் வேண்டுமே என்று தன் டப்பாவிலிருந்து ஒரு பொம்மையை எடுத்தாள். இருநூறுக்கு ஒன்று என்ற கணக்கில் அவளே வாங்கி வைத்திருந்த மனிதர்கள். எட்டரை மில்லி உயரம், நிஜத்தில் ஒரு மீட்டர் எழுபது. சாமணத்தால் பிடித்துக் கதவுக்கு நேராகக் கொண்டுபோனாள். மனிதன் உள்ளே போகவில்லை. தலை நிலையில் இடித்தது.

சாய்த்துப் பார்த்தாள். இன்னொரு பொம்மையை எடுத்துப் பார்த்தாள். அதற்கும் தலை இடித்தது.

அவள் அளவுகோலை எடுத்தாள். கதவு எட்டு புள்ளி நாலு மில்லி. மாடிகளை எண்ணினாள், ஒன்பது. மொத்த உயரம் பத்து புள்ளி எட்டு சென்டிமீட்டர். அப்படியென்றால் மாடிக்குப் பன்னிரண்டு மில்லி. இருநூறால் பெருக்கினால் இரண்டு மீட்டர் நாற்பது. அதில் தளத்தின் கனம் போக மிச்சத்தில் மின்விசிறி மாட்டினால் குடியிருப்பவர்கள் குனிந்தே குடும்பம் நடத்த வேண்டியதுதான். இருநூற்றைம்பதால் பெருக்கினாள். மூன்று மீட்டர், சுத்தமாக. ஒன்பது மாடிக்கு இருபத்தேழு. கட்டடத்தைச் செய்தவன் தப்புச் செய்யவில்லை. அவன் இருநூற்றைம்பதுக்கு ஒன்று என்று செய்திருக்கிறான். மேசையோ இருநூறுக்கு ஒன்று. மலை ஒன்றரை மடங்கு ஏறியிருக்கிறது, கட்டடம் ஐந்தில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது. ஒன்று மட்டும் என்றால் கவனக்குறைவு என்று விட்டிருப்பாள். இரண்டும் ஒரே பக்கமாகவா பிசகும்?

திரைச்சீலையை இழுத்து ஜன்னலை மூடினாள். மேசை விளக்கை மலைக்குப் பின்னால், பள்ளத்துக்குச் சற்று மேலே பிடித்தாள். பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்திலிருந்த பள்ளத்தின் வழியே வெளிச்சம் வந்து, பத்து புள்ளி எட்டுக் கட்டடத்தின் தலைக்கு மேலாகத் தாண்டி, கீழ்த்தெரு மாடிகளில் விழுந்தது. நாத்தனாரின் கொடிக்கம்பி மினுங்கியது.

பிறகு கம்பிகளிலிருந்து அட்டைகளை உருவி, இரண்டரை மில்லித் துண்டுகள் நாற்பதையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். மலை முப்பதிலிருந்து இருபது சென்டிமீட்டருக்கு இறங்கியது, பள்ளம் எட்டுக்கு. வெறும் வெள்ளை அட்டையில், இருபத்தேழு மீட்டரை இருநூறால் வகுத்து, பதின்மூன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு பெட்டி மடித்து, கட்டடத்தின் இடத்தில் நிறுத்தினாள். விளக்கைப் பிடித்தாள். பெட்டி பள்ளத்தைக் கதவு போட்டாற்போல அடைத்து நின்றது. கீழ்த்தெருவின் நடுப்பகுதி முழுக்க இருட்டு.

நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கை அணைக்க மறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பொய் சொன்ன கம்பெனி அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பொய்யை அட்டையாக வெட்டித் தர ஆள் தேடியபோது, தன் அக்காள் பெயர்தானா தம்பிக்கு முதலில் ஞாபகம் வந்தது? சொன்னால் கேட்பாள் என்று நினைத்தானா, அளக்க மாட்டாள் என்று நினைத்தானா? இரண்டில் எது அதிகக் கேவலம் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

மாலை தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

"அந்தக் கட்டடம் எந்த ஸ்கேல்?"

"திறந்துட்டியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அது விற்பனை ஆபீசுக்காகப் போன வருஷம் செஞ்சது. அளவு கொஞ்சம் வேற. இருக்கறதை வச்சுப்போம்னாரு மேனேஜர். ரெண்டு, மூணு சென்டிமீட்டர் யாருக்குக்கா தெரியப் போவுது?"

"அந்த மூணு சென்டிமீட்டர்தான் அந்தத் தெருவுக்கு வெயில்."

"அக்கா, சொன்னதைச் செய். முடியலைன்னா சொல்லு, வேற ஆளைப் பாக்கறேன்."

"செய்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். என்ன செய்வேன் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

வியாழன் முழுக்க வேலை. ஐந்து மில்லி அட்டைகளை ஒட்டி மலையை முடித்தாள். வெள்ளை அட்டையில் ஒன்பது மாடிக்கும் கோடு கீறி, கதவு வெட்டி, கட்டடத்தை மேசையோடு சேர்த்து ஒட்டிவிட்டாள். இனி உடைத்தால்தான் வரும். ஓரத்தில் பெரிய எழுத்தில், 'மலை, வீடு, கட்டடம் எல்லாம் இருநூறுக்கு ஒன்று. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை' என்று எழுதி ஒட்டினாள்.

சாயங்காலம் தம்பி வந்தான். அவள் மேசைமேல் போர்வையைப் போர்த்தியிருந்தாள்.

"பாக்கட்டுமா?"

"பெயிண்ட் காயலை."

அவன் அவளைப் பார்த்தான். போர்வையின் ஓரத்தில் கையை வைத்தான். இழுத்தால் போதும். இழுக்கவில்லை. "சரி, காலையில வண்டி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். கீழ்த்தெருக்காரர்கள் முன்வரிசை. நாத்தனார் அண்ணியைப் பார்த்தும் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போர்வையை எடுத்ததும் மேனேஜர் முகம் மாறியது. நல்ல உயரமான மனிதர், அன்றைக்கென்று புதுச் சட்டை.

"இது என்ன? எங்க கட்டடம் எங்கே?"

மில்லியக்கா பெட்டியிலிருந்து அந்த அழகான கட்டடத்தை எடுத்து, வெள்ளைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இது அதன் தோள்வரைதான் வந்தது. கூட்டத்தில் சலசலப்பு. ஒரு கிழவர் எழுந்து வந்து, முட்டிபோட்டு, கீழ்த்தெரு மட்டத்துக்குக் கண்ணை வைத்து மலையைப் பார்த்தார். "இதுதான் நம்ம மலை" என்றார். அவருக்குப் பின்னால் வரிசையாக ஆட்கள் முட்டிபோட்டார்கள்.

"மாதிரி செய்றவங்க ஏதோ குழப்பிட்டாங்க மேடம்" என்றார் மேனேஜர் விசாரணை அதிகாரியிடம். "இது சும்மா ஒரு அலங்காரத்துக்கு."

"வீடு வீடா வந்து மாதிரியைப் பாருங்கன்னு சொன்னது அலங்காரத்துக்கா?" என்று நாத்தனார் எழுந்து நின்றாள்.

விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண். இரண்டு கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மில்லியக்கா ஒரு பொம்மை மனிதனை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "அவனை ரெண்டு வாசல்லயும் நிறுத்திப் பாருங்க மேடம்." அதிகாரி குனிந்து நிறுத்திப் பார்த்தார். ஒன்றில் மனிதன் நுழைந்தான், ஒன்றில் முட்டினான். அவர் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார்.

"நீங்கதானே கம்பெனிப் பொறியாளர்? எது சரியான அளவு?"

தம்பி மேசையைப் பார்த்தபடி நின்றான். மேனேஜர் தம்பியைப் பார்க்கவில்லை, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மில்லியக்காவும் தம்பியைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தாள். குழப்பம் அக்காவுடையது என்று அவன் சொல்லிவிட்டால் அவள் இனி இந்த ஊரில் ஒரு அட்டை வெட்ட முடியாது.

"வெள்ளை" என்றான் தம்பி. மண்டபம் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னான். "வெள்ளைக் கட்டடம்தான் மேடம் சரி."

விசாரணை அன்று தள்ளி வைக்கப்பட்டது. நிழல் எங்கெங்கே எத்தனை மணிக்கு விழும் என்று கணக்குக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு மாதம் இழுத்து, கடைசியில் கம்பெனி ஐந்து மாடியோடு நின்றுகொண்டது. பதினைந்து மீட்டர். பள்ளத்துக்கு ஒரு மீட்டர் கீழே. நாத்தனார் அண்ணன் வீட்டுத் துணிகளையெல்லாம் வாரிக்கொண்டு போய், வெளுத்து, தேய்த்து, மடித்துக் கொண்டுவந்து வைத்தாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை.

தம்பியை வேலையை விட்டு அனுப்பவில்லை, தூரத்தில் ஒரு கிடங்குக் கட்டுமானத்துக்கு மாற்றிவிட்டார்கள். விடுமுறைக்கு வந்தவன் ஒருநாள் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தான்.

"உன்கிட்ட ஏன் குடுத்தேன்னு நெனைக்கிறே?" என்றான். "ஊர்ல எத்தனை பேர் மாதிரி செய்றாங்க. வேற யார்கிட்டக் குடுத்திருந்தாலும் வாயை மூடிட்டு ஒட்டிக் குடுத்திருப்பாங்க. நான் வாயைத் திறந்தா என் வேலை போயிடும். நீ அளப்பேன்னு எனக்குத் தெரியும்க்கா."

"அப்புறம் ஏன் திறக்காதேன்னு சொன்னே?"

"சொன்னா நீ கேட்டுடுவியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் முழுக்க நம்பிவிடவில்லை. போனில் அவன் பேசிய பேச்சில் நாடகம் இருந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. அது நிஜமான எரிச்சல். போர்வையை இழுக்காமல் விட்டானே, அதுவும் நிஜம். மண்டபத்தில் பதில் சொல்ல அத்தனை நேரம் எடுத்துக்கொண்டானே. முன்பே முடிவு செய்தவன் அவ்வளவு தயங்குவானா? இல்லை, முடிவு செய்தவனுக்கும் வாய் வருவதற்கு நேரம் பிடிக்குமா? ஒரு நாள் நம்புவாள், இன்னொரு நாள் சந்தேகப்படுவாள். கணவரிடம் கேட்டால், "தம்பியையுமா அளப்பே?" என்றார்.

அடுத்த மாதம் தம்பி கிடங்குக்கு ஒரு மாதிரி வேண்டும் என்று வரைபடத்தோடு வந்தான். மில்லியக்கா அவனை எதிரே உட்காரச் சொன்னாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரைபடத்தில் இருந்த ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்தாள். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அவன் ஒரு முறைகூட மணி பார்க்கவில்லை. எல்லா எண்களும் சரியாக இருந்தன. சரி, செய்கிறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் அவன் எழுந்து தண்ணீர் கேட்டான். குடித்த டம்ளரைக் கழுவாமல் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனான்.